ஆர்கனுக்கு ஒரு மறுவீடு

"பைப் ஆர்கன். இரண்டு வரிசைக் கட்டைகள், காலால் மிதிக்கும் பெடல் வரிசை ஒன்று, பன்னிரண்டு ஸ்டாப்புகள். வாசிக்கும் நிலையில் உள்ளது. இலவசம். எடுத்துச் செல்வது பெறுபவர் பொறுப்பு."

பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளின் தேவாலயங்கள் இந்த மாதிரி விளம்பரங்களை வருஷம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு 'இலவசம்' என்ற சொல்தான் கண்ணில் படும். விவரம் தெரிந்தவர்கள் கடைசி வரியை முதலில் படிப்பார்கள். ஏனென்றால் செலவு, உழைப்பு, தலைவலி எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

ஏன் என்று புரிய வேண்டுமானால், பைப் ஆர்கன் என்பது என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பியானோவை நான்கு பேர் தூக்கி லாரியில் ஏற்றிவிடலாம். ஆர்கனைத் தூக்க முடியாது. அது கட்டடத்துக்குள் கட்டப்பட்ட இன்னொரு கட்டடம்.

ஆர்கனில் ஒரு குழாய்க்கு ஒரே ஒரு ஸ்வரம்தான். புல்லாங்குழலில் விரலை எடுத்து வைத்து ஒரே குழலில் எல்லா ஸ்வரத்தையும் வாசிப்பது போல இங்கே நடக்காது. கட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் வேண்டும். ஒரே குரல் கொண்ட குழாய்கள் சிறிதும் பெரிதுமாக வரிசையாக நிற்கும். அந்த வரிசையைத் திறக்கும் குமிழுக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். ஒரு வரிசைக்கு ஏறக்குறைய அறுபது குழாய். ஆக, மேலே விளம்பரத்தில் பார்த்த 'சின்ன' ஆர்கனிலேயே அறுநூறு குழாய்க்கு மேல் இருக்கும். குழாய்கள் எல்லாம் ஒரு பெரிய காற்றுப்பெட்டியின் மேல் நிற்கின்றன. அதற்குக் கீழே துருத்தி. அந்தக் காலத்தில் ஓர் ஆள் பின்னால் நின்று துருத்தி மிதித்தார், இப்போது மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. கட்டையை அழுத்தினால் மெல்லிய மரக்கோல்கள் வழியாகவோ, காற்றுக் குழல்கள் வழியாகவோ, மின்கம்பி வழியாகவோ செய்தி போய் அந்தக் குழாயின் அடி வால்வு திறக்கிறது.

ஸ்டாப் குமிழ்களில் 16, 8, 4 என்று எண்கள் எழுதியிருக்கும். அது அடிக்கணக்கு. 8 என்றால் அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கான திறந்த குழாய் ஏறக்குறைய எட்டு அடி நீளம். 16 என்றால் பதினாறு அடி, கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். பெரிய கதீட்ரல்களில் 32 அடிக் குழாய்கூட உண்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீடு தேடும்போது இதுதான் முதல் வில்லன்.

சரி, இவ்வளவு பெரிய கருவியை ஏன் வேண்டாம் என்கிறார்கள்? பெரும்பாலும் ஆர்கன் மேல் குறை இல்லை. சபை சுருங்கிவிட்டது, இரண்டு மூன்று சபைகள் ஒன்றாகிவிட்டன, கட்டடம் விற்பனைக்கு வந்துவிட்டது. கட்டடம் அப்படியே இருக்கும் இடங்களில் காரணம் வேறு: ஆராதனை கிடாருக்கும் டிரம்ஸுக்கும் மாறியிருக்கும், வாசிக்க ஆள் கிடைக்காது, துருத்தித் தோல் கிழிந்து பழுதுபார்க்கும் மதிப்பீடு வந்ததும் எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு எலெக்ட்ரானிக் ஆர்கன் சொகுசாக உட்கார்ந்திருக்கும். பழுதான ஆர்கனை யாரும் வாசிக்க மாட்டார்கள், வாசிக்காத ஆர்கனுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள். இப்படியே இருபது வருஷம் ஓடும்.

இதில் பெரிய எதிரி காலம்தான். கட்டடம் கைமாறும் தேதி முடிவான பிறகுதான் பல சபைகளுக்கு ஆர்கன் ஞாபகம் வருகிறது. வாங்குபவர் வீடுகள் கட்டப்போகிறார், மூன்று மாதத்தில் சாவி கொடுக்க வேண்டும். ஆனால் பெறப்போகும் இன்னொரு சபை இதைக் கேள்விப்பட்டு, வந்து பார்த்து, குழுக் கூட்டம் போட்டு, நிதி திரட்டி முடிக்க இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். நல்ல ஆர்கன்கள் குப்பைக்குப் போவதற்கு, வேண்டுபவர்கள் இல்லாததைவிட இந்த இடைவெளிதான் பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சபைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே ஒன்று: விற்க நினைக்கும் அன்றைக்கே சொல்லுங்கள், விற்றுவிட்டுச் சொல்லாதீர்கள்.

அப்புறம், பொருத்தம் பார்க்கும் வேலை. இது வரன் தேடுவதற்கு ரொம்பவும் நெருக்கமானது. இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்தால் மட்டும் போதாது.

முதல் பொருத்தம் உயரம். பதினாறு அடிக் குழாய் இருக்கிறது, புதுக் கூரையோ பன்னிரண்டு அடி. வழிகள் உண்டு. குழாயை வெட்டி முழங்கை போல மடித்து ஒட்டலாம்; ஆர்கன் செய்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மரக் குழாயின் தலையை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே தாழ்ந்த ஸ்வரம் வரும், ஆனால் குரல் மாறிவிடும். எல்லாவற்றையும் மடிக்கவும் மூடவும் ஆரம்பித்தால், கடைசியில் வந்து சேர்வது பழைய ஆர்கனாக இருக்காது.

அடுத்தது அறையின் ஒலி. கல் சுவரும் உயர்ந்த வளைவுக் கூரையும் கொண்ட தேவாலயத்துக்காகக் குரல் கொடுக்கப்பட்ட கருவி அது. தரைவிரிப்பும் மெத்தை நாற்காலியும் போட்ட கூடத்தில் வைத்தால் தொண்டை கட்டியது போல இருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: பெரிய இடத்தை நிரப்பிய ஆர்கன் சிறிய ஜெப அறையில் காதைப் பிளக்கும். தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும், எடை டன் கணக்கில். ஈரப்பதம் ஏறி இறங்கும் இடமா என்றும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேகமாகச் சூடேற்றும் தேவாலயங்களில் காற்றுப்பெட்டியின் பலகைகள் காய்ந்து வெடிக்கும். பிறகு அழுத்தாத கட்டையின் குழாய்களும் தாமாகவே முனக ஆரம்பிக்கும்.

சுருதிப் பொருத்தமும் உண்டு. விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் ஆர்கன்கள் பல, இன்றைய 440 சுருதியைவிட (அதாவது A ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு) உயரமாக, 450-க்கு மேல் வைத்துச் செய்யப்பட்டவை. தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஓபோவோ டிரம்பெட்டோ சேர்ந்தால் தெரியும். நூற்றுக்கணக்கான குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். இன்னொரு வழி, எல்லாக் குழாய்களையும் ஒரு கட்டை தள்ளி வைத்து, அடியில் காலியான இடத்துக்குப் புதுக் குழாய் செய்வது. அப்படித் தள்ளினாலும் சுருதி சரியாக 440-ல் வந்து நிற்காது, மிச்சத்தைக் குழாய் குழாயாகத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பொருத்தத்தையெல்லாம் பார்த்துச் சேர்த்து வைக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1956-ல் ஆர்கன் ஹிஸ்டாரிகல் சொசைட்டி தொடங்கியது. நெடுஞ்சாலைகளும் நகரப் புனரமைப்பும் பழைய தேவாலயங்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த 1960-களின் தொடக்கத்தில் ஆர்கன் கிளியரிங் ஹவுஸ் வந்தது. கைவிடப்பட்ட ஆர்கன்களுக்கு இடம் தேடுவதே அதன் வேலை. பிரிட்டனில் எந்த ஊரில் எந்த ஆர்கன், யார் செய்தது, என்னென்ன ஸ்டாப் என்று பதிவு செய்யும் நேஷனல் பைப் ஆர்கன் ரெஜிஸ்டர் இருக்கிறது. 1976-ல் தொடங்கிய பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்கன் ஸ்டடீஸ், வரலாற்று மதிப்புள்ள ஆர்கன்களை அடையாளம் காட்டி வருகிறது.

ஆள் கிடைத்துவிட்டால் உடனே பிரித்துவிடலாமா? பெரும்பாலும் முடியாது. ஆர்கன் யாருடையது என்ற கேள்விக்கே நாட்டுக்கு நாடு பதில் வேறு. இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு பங்கு சபை தன் ஆர்கனைத் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மறைமாவட்ட நீதிமன்றத்திடம் 'ஃபேக்கல்டி' என்ற அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முன் மறைமாவட்ட ஆலோசனைக் குழு கருத்துச் சொல்லும். பிரான்சில் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் கட்டப்பட்ட பங்குக் கோயில்கள் பெரும்பாலும் ஊர் நிர்வாகத்தின் சொத்து, உள்ளே இருக்கும் ஆர்கனும் அப்படியே. பாதிரியாரைப் பிடித்துப் பிரயோஜனமில்லை, மேயரிடம் போக வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். பழைய ஆர்கன்களின் வெள்ளைக் கட்டைகள் பலவற்றில் ஒட்டியிருப்பது யானைத் தந்தம். பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் தந்தம் உள்ள பொருள்களை விற்பதற்குத் தடை போட்டது. 1975-க்கு முன் செய்த, தந்தம் 20 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். எல்லை தாண்டிப் போவதானால் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டும். நாலு டன் மரமும் உலோகமும் சுங்கத்தைத் தாண்டிவிடும், மேலே ஒட்டிய ஒரு மில்லிமீட்டர் தகடு மாட்டிக்கொள்ளும்.

இனி பிரிக்கும் வேலை. இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

முதலில் எதையும் தொடாமல் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனியாக வாசித்து ஒலிப்பதிவு செய்கிறார்கள். நாளைக்கு வேறு இடத்தில் 'இது முன்னே இப்படியா இருந்தது?' என்ற சண்டை வந்தால் இதுதான் சாட்சி. அதன்பின் சாரம் கட்டி, குழாய்களிலிருந்து தொடங்குகிறார்கள்.

கையடக்கமான ஒரு குழாயை எடுத்துப் பாருங்கள். ஈயமும் தகரமும் கலந்த தகடு, நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் அளவு மெத்து. கீழே கூம்பாக ஒரு கால், அதன் நுனியில் காற்று நுழையும் துளை. காலும் உடலும் சேரும் இடத்தில் ஒரு வாய், மேல் உதடு, கீழ் உதடு. வாய்க்குப் பக்கத்தில் C, D என்று ஸ்வர எழுத்து சின்னதாக அச்சுக் குத்தியிருக்கும். சிலவற்றில் எந்த வரிசையைச் சேர்ந்தது என்றும் ஆணியால் கீறியிருப்பார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளி தன் ஞாபகத்துக்குக் குத்திய எழுத்து, இன்றைக்குப் பிரிப்பவருக்கும் அதுவே வழிகாட்டி. இந்தக் குழாயை வாய்ப் பக்கம் பிடித்துத் தூக்கக் கூடாது. உதடு ஒரு மயிரிழை உள்ளே போனாலும் குரல் போய்விடும். நாக்கு வைத்த குழாய்கள் வேறு ஜாதி. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல, அவற்றுக்கு அடியில் அதிரும் பித்தளை நாக்கு உண்டு. அவற்றைத் தனிப் பெட்டியில் போடுவார்கள்.

காகிதம் சுற்றி, வரிசை வரிசையாகத் தட்டுகளில் படுக்கவைத்து, ஒவ்வொரு தட்டிலும் வரிசைப் பெயரும் முதல், கடைசி ஸ்வரமும் எழுதி ஒட்ட வேண்டும். நீளமான உலோகக் குழாய்களை நேராகத் தாங்கு கொடுத்துப் படுக்கவைக்கவில்லை என்றால் தன் எடையிலேயே வளைந்துவிடும். பிறகு மரக்கோல்கள், காற்றுப்பெட்டிகள், துருத்தி, வாசிக்கும் மேசை, கடைசியாகச் சட்டமும் முகப்பும். சின்ன ஆர்கன் என்றால் பழகிய குழுவுக்குச் சில நாள் வேலை, பெரியது என்றால் வாரக்கணக்கு. பழைய மின்விசிறிப் பெட்டிகளைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. மரத்தில் பூச்சி அரித்திருந்தால் அதை அப்படியே புதுக் கட்டடத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது.

ஆட்கள் இலவசமாகக் கிடைக்கிறார்கள் என்று சபையே பிரித்துப் போடுவதும் நடக்கிறது. நல்ல மனசுதான். ஆனால் லேபிள் ஒட்டாமல் அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்த அறுநூறு குழாய்களை வரிசைப்படுத்தும் கூலி, அவற்றைப் பிரிக்கும் கூலியைவிட அதிகமாகிவிடும்.

பிரித்து எடுத்துக்கொண்டு போவதோடு வேலை பாதிதான் முடிந்தது. துருத்தியிலும் சிறு வால்வுகளிலும் உள்ள ஆட்டுத்தோல் காய்ந்து போயிருந்தால் முழுவதும் புதிதாக ஒட்ட வேண்டும். மின்சாரமும் காற்றும் சேர்ந்து வால்வைத் திறக்கும் இருபதாம் நூற்றாண்டின் மின்–காற்று ஆர்கன்களில் இப்படிப்பட்ட சின்னத் தோல் பைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், இதுவே செலவில் பெரிய பங்கு. மரக்கோல் ஆர்கன்களுக்கு இந்த விஷயத்தில் ஆயுசு கெட்டி. அதனாலேயே வாங்குபவர்கள் பலர் அவற்றை விரும்புகிறார்கள். எல்லாம் நிமிர்ந்து நின்றபின் குரல் பதப்படுத்தும் ஆள் வருவார். ஒருவர் கட்டையை அழுத்திக்கொண்டிருக்க, அவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு குழாயின் வாயையும் கால் துளையையும் தொட்டுத் தொட்டுப் புது அறைக்கு ஏற்ப அடக்குவார், ஏற்றுவார். சுருதி சேர்ப்பது அதற்கும் பிறகு. குழாயைக் கையில் பிடித்தாலே உடல் சூட்டில் சுருதி ஏறிவிடும் என்பதால் தொட்டுவிட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், ஆர்கன் இலவசமாக வந்தாலும் இடமாற்றச் செலவு பல்லாயிரம் பவுண்டிலோ டாலரிலோ தொடங்கி, பெரிய கருவிகளுக்கு லட்சங்களைத் தாண்டும். அதே தரத்தில் புதிதாகச் செய்வதைவிட இது குறைவு, அதனால்தான் பெறுபவர்களும் இருக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் 1904-ல் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்த ராட்சத ஆர்கன், கண்காட்சி முடிந்ததும் கிடங்கில் முடங்கியது. ஜான் வனமேக்கர் 1909-ல் அதை வாங்கி, 13 சரக்கு ரயில் பெட்டிகளில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்து, 1911-ல் தன் பல்பொருள் அங்காடிக்குள் நிறுத்தினார். துணி வாங்க வந்தவர்கள் அன்றாடம் ஆர்கன் கேட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. ஜெர்மனியின் லுட்விக்ஸ்புர்க்கில் வால்க்கர் பட்டறை செய்த ஆர்கன் 1863-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மியூசிக் ஹாலுக்கு வந்தது. விலை 60,000 டாலர். இருபது வருஷம் கழித்து அந்த மேடையில் சிம்பொனி இசைக்குழுவுக்கு இடம் போதவில்லை என்று 1884-ல் அதைப் பிரித்து ஒரு கொட்டகையில் போட்டார்கள். 1897-ல் எட்வர்ட் சியர்ல்ஸ் என்ற செல்வந்தர் 1,500 டாலருக்கு அதை எடுத்தார். அதற்குப் பொருத்தமான அறை எங்கும் இல்லை. மாசசூசெட்ஸின் மெத்துவன் ஊரில் ஆர்கனின் அளவுக்கு ஏற்ப ஒரு மண்டபத்தையே அவர் கட்டிவிட்டார். 1909-ல் திறந்த அந்த மண்டபத்தில் அது இன்றும் இருக்கிறது. மண்டபம் கட்டும் சியர்ல்ஸ் எல்லோருக்கும் கிடைக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

பதில் மரியாதை போல ஓர் ஆர்கன் எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. மாசசூசெட்ஸின் வோபர்ன் ஊரில் யூனிட்டேரியன் சபை ஒன்றுக்காக பாஸ்டனின் ஹூக் சகோதரர்கள் 1870-ல் செய்த ஆர்கன், சபை கலைந்த பிறகு கடல் தாண்டி பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் உள்ள புனித சிலுவை ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்கன் கட்டும் கலைக்கு 2017-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற, ஐம்பதாயிரம் ஆர்கன்கள் உள்ள நாட்டுக்கு, அமெரிக்காவிலிருந்து பழைய ஆர்கன்! கொல்லர் தெருவில் ஊசி விற்ற கதைதான், ஆனால் இங்கே ஊசி விற்றுவிட்டது. அந்தக் குரல் அங்கே யாரிடமும் இல்லை.

வீடு கிடைக்காதவை என்ன ஆகின்றன? சில சேமிப்புக் கிடங்கில் 'தற்காலிகமாக' வைக்கப்படுகின்றன. அந்தத் தற்காலிகம் பத்து வருஷம் ஆகிவிடும், வாடகை ஏறும், பெட்டிகள் காணாமல் போகும். சில துண்டாகின்றன: நல்ல குழாய் வரிசைகள் வேறு ஆர்கன்களுக்குள் போகும், மரக் குழாய்களை வீட்டிலேயே ஆர்கன் கட்டும் ஆர்வலர்கள் எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் உருகும். முதல் உலகப் போரில், 1917-ல், ஜெர்மன் ராணுவம் தேவாலய முகப்புகளில் நின்ற தகரக் குழாய்களைக் கணக்கெடுத்துப் பிடுங்கிச் சென்றது. இன்று பழைய உலோக வியாபாரி வருகிறார், அவ்வளவுதான். முழுசாக யாரும் வாங்காதபோது உறுப்புதானம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முழுசாக விற்கும் முயற்சி நடக்கும்போதே 'அந்த ஒரு வரிசை மட்டும் தாருங்கள்' என்று கேட்பவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

உங்களுக்குத் தெரிந்த சபை ஏதாவது இந்த நிலையில் இருந்தால், முதல் வாரத்தில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைகளுக்கு மேலே ஆர்கன் செய்தவரின் பெயர்த்தகடு இருக்கும், அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டாப் பெயர்களை எண்ணோடு எழுதி, நீளம், அகலம், உயரம் அளந்து வைக்கச் சொல்லுங்கள். மின்விசிறி ஓடினால் யாரையாவது உட்காரவைத்து ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்யலாம். ஓடாத ஆர்கனைவிட ஓடும் ஆர்கனுக்கு விசாரிப்பு பல மடங்கு வரும். அப்புறம், உள்ளே போகும் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஆலயம் மூடப்போகிறது என்று தெரிந்ததும், ஞாபகத்துக்கு என்று ஆளுக்கு ஒரு சின்னக் குழாயை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். எல்லோரும் நல்லவர்கள், அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருமணம் முடித்தவர்கள். ஆனால் பார்க்க வரும் ஆர்கன்காரர் முதலில் எண்ணுவது அந்தக் காலி ஓட்டைகளைத்தான்.